மூலைக் கட்டிலின் தீட்டு

கதவு இன்னும் திறக்கவில்லை. எப்படியும் திறக்கும்; மாலைப் பார்வை நேரத்துக்கு அது திறக்காத நாள் இல்லை. இருந்தும் இன்று ஒரு நாள் திறக்காமலே போகட்டும் என்று என் நெஞ்சு வேண்டிக்கொள்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கணவரைக் கிடத்திவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு இப்படியொரு வேண்டுதலை வேறு எந்தப் பெண் வைப்பாள்? மடியில் ஒரு பொட்டலம் கிடக்கிறது. நாளிதழ்த் துண்டில் மடித்த திருநீறு. அதை நான் வாங்கவில்லை. என் மடியில் விழுந்தது. பேச்சித்தாய் அதைக் கொடுக்கும்போது தன் விரல் என் விரலில் பட்டுவிடாதபடி ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டாள். அப்படி விடுவதற்கு அவள் யோசிக்கவில்லை. கைக்கே அந்தப் பழக்கம் தெரிந்திருந்தது. "டீச்சரம்மா, நீங்கதான முதல்ல உள்ள போவீய. எம் மவ நெத்தியில இத இட்டு விட்டுருங்க. எங்க அம்மன் கோயில் துண்ணூறு. நாளைக்குத் தொண்டைக் குழாய எடுத்திருவாவளாம். கண்ணு முழிக்கும்போது பிள்ளைக்கு நெத்தி வெறுமனே கெடக்கக் கூடாதுல்லா" என்றாள். சரி என்றும் நான் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. வாசல் காவலுக்கு இருக்கும் மைதீன் பாய் கையை ஓங்கிக் காட்டினார். "பாத்தியா, பாத்தியா, இதுக்குத்தான் உன்னைய உள்ள விட மாட்டேங்கேன்." "ஆமா, விட்டா நான் உள்ள போயி நாயனம் வாசிக்கப் போறேன்." "டாக்டரம்மா ஆர்டர் பேச்சியக்கா. இருமல் உள்ள ஆள விட்டா எஞ் சோத்துல மண்ணு. கீழ போயி ஒரு மடக்கு வெந்நி குடிச்சிட்டு வா." அவள் படியிறங்கிப் போயிருக்கிறாள். திரும்பி வருவாள். வருவதற்குள் நான் ஒரு சொல்லைத் தேடி எடுத்தாக வேண்டும். இருமுகிறவளை வாசலில் நிறுத்தத் தெரிந்த இந்த ஏற்பாட்டுக்கு, இருமாமல், தும்மாமல், தலைவாரிப் பொட்டிட்டுப் பதவிசாக உட்கார்ந்திருக்கும் என்னை நிறுத்தத் தெரியவில்லை. முதல் ஆளாக உள்ளே போகப்போகிறவள் நான். என் கணவரின் கட்டில் கதவை ஒட்டிய மூலையில் இருக்கிறது. அதற்கு அடுத்த கட்டில் அவள் மகள் அனுசுயாவுடையது.

காலைப் பார்வை நேரம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு டாக்டர் ஹெலன் என்னைத் தனியாக அழைத்தார். என்னிடம் படித்த பெண்களின் வயதுதான் இருக்கும். தலைமையாசிரியை அறைக்கு வெளியே நிற்கும் சிறுமியைப் போல, பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "அம்மா, சளியை வளர்த்துப் பார்த்த ரிசல்ட் வந்திருச்சு. நம்மகிட்ட இருக்கிற மருந்து எல்லாத்தையும் வச்சுப் பார்த்தாச்சு. எதுக்கும் அடங்கலை. ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் கொஞ்சம் பயப்படுது. அதைத்தான் ஏத்தப் போறோம். கிட்னியைப் பாதிக்கும். வேற வழி இல்லை." பிழைப்பாரா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் விடை வந்துவிடும் என்ற பயம். குடலில் அறுவை முடிந்து, எழுந்து உட்கார்ந்து, சாயந்தரம் இட்லி தருவார்களா என்று கேட்ட மனிதர். அடுத்த நாள் மூச்சு வாங்கியது. குழாய் போட்டார்கள். அந்தக் குழாயின் வழியே எதுவோ இறங்கிவிட்டது. "இன்னொண்ணு சொல்றேன், கவனமாக் கேளுங்க" என்றார் டாக்டர். "இந்தக் கிருமி உங்களை ஒண்ணும் செய்யாது. நீங்க ஆரோக்கியமா இருக்கீங்க. ஆனா உங்க கையில, சேலையில ஏறிக்கிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகும். அங்க படுத்திருக்கிறவங்களுக்குத் தொண்டையில குழாய், கழுத்துல ஊசி. எல்லாமே திறந்த வாசல். உங்க வீட்டுக்காரரைத் தவிர வேற யாரையும் தொடாதீங்க. பக்கத்துல இருக்கிறது பிரசவமான பொண்ணு. இப்பத்தான் தேறி வருது." என்னை ஒன்றும் செய்யாது! அந்தச் சொல்தான் தைத்த முள்ளாக நிற்கிறது. என்னைச் சுட்டுவிட்டுப் போகும் நெருப்பானால் நானே உதறியிருப்பேன். எனக்கு வலிக்காத ஒன்றை, என் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, நான் சுமப்பதாக எப்படி நம்புவது? கழுவினேன். சுவரில் தொங்கும் கிருமிநாசினிப் புட்டியை அழுத்தி அழுத்திக் கழுவினேன். கை எரிகிறது. கைக்குச் சரி, இந்தச் சேலைக்கு என்ன செய்வேன்? காலையில் அவர் கடைவாயில் வழிந்ததை இதன் முந்தானையால்தானே துடைத்தேன்? நர்ஸ் பஞ்சு எடுத்து வருவதற்குள் அவசரம். எல்லாவற்றிலும் ஓர் அவசர அன்பு. முந்தானையால் துடைப்பதை அன்பு என்றுதான் இந்த நாட்டில் எல்லோரும் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

அவள் மகளுக்கு நாளைக்குக் குழாய் எடுக்கிறார்கள். நெஞ்சே, இதை மறக்காதே. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே. பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் வந்து, ஊரூராய் இரத்தம் தேடி, செத்துப் பிழைத்த பெண். பிறந்த குழந்தை எங்கோ சித்தி வீட்டில் புட்டிப்பால் குடிக்கிறது. அது தாயின் மார்புக்கு வருமா வராதா என்பது இப்போது என் மடியில் கிடக்கும் காகிதத்துக்குள் இருக்கிறது. அவரைத் தொட்ட கை அந்தப் பெண்ணின் நெற்றியைத் தொட்டால், கிருமி பயப்படுகிற மருந்து ஒன்றே ஒன்று என்று டாக்டர் ஹெலன் நாளை பேச்சித்தாயிடமும் பேனாவைத் திறந்து மூடுவார். ஏன் இப்படி ஆயிற்று? எங்கிருந்து வந்தது இத்தனை பலம் ஒரு கிருமிக்கு? காலை வணக்கக் கூட்டத்தில் நின்று தினம் ஒரு நீதிக்கதை சொல்லியே ஓய்வு பெற்றவள் நான். எதைக் கண்டாலும் கதையாக்கிப் பார்க்கும் நோய் என்னை விடவில்லை. மாணவிகளே, ஓர் ஊரில் ஒரு திருடன் இருந்தான். முதல் வீட்டுக்காரர் அவனைப் பிடித்தார். நாலு அடி போட்டார். கை வலித்தது, விட்டுவிட்டார். இரண்டாம் வீட்டுக்காரர் வேறு கம்பால் நாலு அடி போட்டார்; அவன் குனிந்துகொள்ளக் கற்றுக்கொண்டான். இப்படியே தெரு முழுவதும். ஊரில் இருந்த கம்புகள் எல்லாம் அவனுக்குப் பழகிப் போயின. கடைசி வீட்டில் ஒரு நோயாளி இருந்தார். திருடன் அங்கே நுழைந்தபோது அடிக்க ஊரில் ஒரு கம்பும் மிச்சம் இல்லை. நல்ல கதை. பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து, டீச்சர், முதல் வீடு யார் வீடு என்று கேட்பாள். எங்கள் வீட்டு அலமாரியில் பாதி தின்ற மாத்திரை அட்டைகள் கிடக்கின்றன. காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டு, மீதி அடுத்த தடவைக்கு ஆகும் என்று எடுத்துவைப்பது. பக்கத்து வீட்டில் தொண்டைவலி என்றால் மோர் கொடுப்பதுபோல் இரண்டு மாத்திரை கொடுத்தனுப்புவது. எந்த வீட்டில் இல்லை அது? முதல் வீடு என்று ஒன்று இல்லை. தெருவே முதல் வீடு. டாக்டர் ஹெலன்கூடச் சொன்னார், யாரால என்று தேடாதீங்கம்மா, இனிமே யாருக்கு என்று மட்டும் பாருங்க.

இனிமேல் யாருக்கு? பேச்சித்தாய் மகளுக்கு. ஆகவே, தொடமாட்டேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். இதில் என்ன சங்கடம்? உன் மகளைத் தொடமாட்டேன் பேச்சித்தாய். அவ்வளவுதானே. சொல்லிப் பார், நெஞ்சே. உன் தெருவிலிருந்து, உன் பெயரோடு, உன் முகத்தோடு, அவளைப் பார்த்து, உன் மகளைத் தொடமாட்டேன் என்று சொல்லிப் பார். நூறு தலைமுறை சொன்ன சொல் அல்லவா அது? அதற்கு ஒரே ஒரு பொருள்தானே அவள் காதில் விழும்? அவள் என்னை எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டவுடனே தெரிந்துகொண்டாள். நானும் அவள் ஊர்ப் பெயரிலேயே தெரிந்துகொண்டேன். தெரியாததுபோல் இருவரும் பேசிக்கொண்டோம். வந்த புதிதில், தூக்குச் சட்டியில் காப்பி வாங்கிவந்து மூடியில் ஊற்றி, "குடிங்க டீச்சரம்மா, மொகம் வாடிப் போச்சு" என்று நீட்டினாள். வயிறு சரியில்லை என்றேன். அவள் சிரித்தாள். கோபமில்லாத, ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு சிரிப்பு. மூடியில் இருந்ததைத் தானே குடித்து முடித்தாள். வயிறு அன்று உண்மையாகவே சரியில்லை. இல்லையா? அவருக்கு மூச்சு வாங்கிய நாள்; காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. ஆனால் சற்று நேரம் கழித்து எதிர் நாற்காலிச் சிவசைலம் அண்ணாச்சி கொடுத்த தேநீரைக் குடித்தேனே? அது எப்படி இறங்கியது? அதற்குள் வயிறு சரியாகியிருக்கலாம். ஆகியிருக்கலாம்தான். நான் நல்லவள், மேடையில் நல்லது பேசியவள், என் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு ஏன் இந்த ஒரு மூடிக் காப்பியைச் சுற்றிச் சுற்றி வருகிறாய், நெஞ்சே? செக்கு மாட்டுக்காவது கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். தொடமாட்டேன் என்று இப்போது சொன்னால் அன்றைய வயிற்றுவலி பொய்யாகிவிடும். அதுதான் உன் பயமா? ஒரு பெண்ணின் உயிர் தராசின் ஒரு தட்டில் இருக்கும்போது மறுதட்டில் நீ வைத்திருப்பது உன் பெயரையா? வெட்கம். வெட்கம். ஆனால் தட்டு அசையத்தான் மறுக்கிறது.

இன்னொரு வழி இருக்கிறது. எளிய வழி. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவது; அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பாமலே இருப்பது; வெளியே வந்து, இட்டுவிட்டேன் பேச்சித்தாய், நன்றாகத் தூங்குகிறாள் என்று சொல்வது. யாருக்கும் நஷ்டமில்லாத பொய். தாய் மனம் குளிரும், மகள் தப்புவாள், நான் நல்லவளாகவே இருப்பேன். இதை நினைத்ததும் என் தோள்கள் தளர்ந்ததை நான் கவனித்தேன். பொய்யில் எத்தனை சுகம்! அப்போதுதான் எதிர் வரிசையில் சிவசைலம் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். அவர் தம்பி உள்ளே கடைசிக் கட்டிலில் இருக்கிறார். அண்ணாச்சியின் இடுப்பில் வெள்ளிச் சம்புடம். உள்ளே போனால் தம்பியோடு நிற்கமாட்டார். கதவோர மூலையில் தொடங்கிக் கட்டில் கட்டிலாக எல்லார் நெற்றியிலும் திருநீறு இட்டுக்கொண்டே போவார். நர்ஸ் பெண் வாயைத் திறப்பதற்குள் நாலு நெற்றி வெளுத்துவிடும். அப்புறம் அவளும் சாமி காரியம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். யாரென்றே தெரியாதவர்களுக்காகக் கண்கலங்கும் மனிதர். பார்வைக்கு ஆள் வராத நோயாளிகளுக்கு அவர்தான் உறவு. "என்ன டீச்சர், மடியில பேச்சித்தாய் பிரசாதமா? எங்கிட்டக் குடுத்தா நான் இட்டு விட மாட்டேனா, அந்தப் பிள்ளைக்குக் காலைலயும் சாயந்தரமும் நாந்தான இடுதேன்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாருக்குக் காலைல இடும்போது பாத்தேன், முகத்துல ஒரு களை இருக்கு. கவலைப்படாதீங்க. இப்பவும் சாருக்குத்தான் முதல் போணி" என்றார். மூலைக் கட்டில் முதலில், அடுத்தது அனுசுயா, பிறகு வரிசையாக எல்லோரும். என் பொய் என் கையை மட்டும்தான் கட்டிப்போடும். அவர் கை? கருணையால் அரித்துக்கொண்டே இருக்கும் அந்தக் கை? மைதீன் பாயிடம் காதோடு சொல்லலாம். அவர் என்ன செய்வார், சாமியைத் தடுக்கும் துலுக்கன் என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், அவர் சோற்றில் மண். டாக்டர் ஹெலன் ஆபரேஷன் அறையில் இருக்கிறார். சொல்ல வேண்டியவள் நான்தான். அதுவும் ஒருத்திக்கு மட்டும் அல்ல, இந்தக் கூடம் முழுவதற்கும். சொன்னால் இந்த நாற்காலிகள் என்னை விட்டு நகரும். என் கணவரின் கட்டிலுக்கு ஒரு பெயர் வைப்பார்கள். அவர் சாகிறாரா பிழைக்கிறாரா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, அங்கிருந்து எங்களுக்கு வந்துவிடுமா என்று கேட்பார்கள். அவருக்கு மிஞ்சியிருக்கிற கொஞ்சம் நல்லெண்ணமும் போய்விடும். வேண்டுதலால் உயிர் பிழைக்கிறது என்று நம்பாதவள்கூட, உள்ளே ஒருவர் கிடக்கும்போது வெளியில் நாலு பேர் வேண்டிக்கொள்வதை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

கதையாகச் சொல்லலாமா? கதையாகச் சொன்னால் யாருக்கும் நோகாது. ஆடி மாதம், அம்மாடி, பேய்க் காற்று. தீப்பெட்டி சிக்கனமான காலம். ஒரு தெருவில் ஒருத்தி வீட்டு அடுப்பு அணைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி தன் அடுப்பிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் நெருப்பெடுத்துக்கொண்டு ஓடினாள். குழந்தை பசியில் அழுகிறதே என்ற பரிவு. சிரட்டையை மூடவேண்டும் என்று தோன்றவில்லை. மூடினால் நெருப்பு அணைந்துவிடாதா? கூரைக்குக் கூரை பொறி பறந்தது. தெரு சாம்பலாயிற்று. பஞ்சாயத்து கூடியது. நெருப்புக் கேட்டவள் குற்றவாளியா? பசிக்குக் கேட்டாள். கொடுத்தவளா? இரக்கத்துக்குக் கொடுத்தாள். காற்றா? காற்று எப்போதும் அடிப்பதுதான். யாரும் தீயவர் இல்லாத ஊர் எரிந்துபோயிற்று. அன்புக்குக் கண் வேண்டும், மாணவிகளே. கையோடு வரும் அன்பு, தான் எதைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். இதை இப்போது எழுந்து நின்று சொல்லலாம். என் குரல் இந்தக் கூடத்துக்குப் போதும். எல்லோரும் கேட்டு, நல்லாச் சொன்னீங்க டீச்சர் என்பார்கள்; அண்ணாச்சி தலையாட்டுவார்; கதவு திறந்ததும் சம்புடத்தோடு உள்ளே போவார். அடி நெஞ்சே, இப்போதாவது ஒப்புக்கொள். உன் கதைகள் எல்லாம் ஊரைப் பற்றியவை. ஒரு கதையிலாவது நீ இருந்திருக்கிறாயா? அந்தச் சிரட்டை யார் கையில் இருக்கிறது என்று சொல்லாமல் தப்பிக்கத்தானே ஆடி மாதத்தையும் பஞ்சாயத்தையும் கூப்பிட்டாய்? நல்லுரை சொல்கிறவர்களே, உங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது: உண்மை அவசரப்படும்போது அதற்கு உவமை உடுத்திக்கொண்டிருக்காதீர்கள். கிருமி என்று சொல்லுங்கள். என் கையில் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். சரி. சொல்கிறேன். அவள் வரட்டும். அவள் வந்ததும், பேச்சித்தாய், இப்படி வந்து உட்கார் என்று கூப்பிட்டு, மெல்ல, அவள் மனம் நோகாமல், முதலில் டாக்டர் சொன்னதை, பிறகு...

படிக்கட்டில் இருமல். கூடவே மைதீன் பாய் சாவியைக் குலுக்கும் ஓசை. வரிசையில் வாங்க, வரிசையில் வாங்க. எல்லோரும் எழுகிறார்கள், நானும் எழுந்துவிடுகிறேன். பழக்கம். மணி அடித்தால் எழுந்துவிடும் உடம்பு. மடியில் இருந்தது நழுவித் தரையில் விழுந்து, மடிப்பு பிரிந்து, நாளிதழின் மேல் வெள்ளையாகச் சிதறுகிறது. "ஐயையோ, காலு பட்டுரப் போவுது" என்று பேச்சித்தாய் ஓடிவந்து குனிகிறாள். அவள் விரல்கள் என் சேலைக் கரையை ஒட்டிப் போகின்றன. நான் தேடிவைத்த மெல்லிய சொற்கள் ஒன்றும் வாயில் இல்லை. "தொடாதே!" என்று கத்திவிடுகிறேன். வகுப்பறைக் குரல். அந்த ஒற்றைச் சொல் மட்டும், முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல், அவள் குனிந்த முதுகின் மேல் விழுந்து கிடக்கிறது. அவள் மெல்ல நிமிர்கிறாள். முகத்தில் அதிர்ச்சி இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. "தெரியும் டீச்சரம்மா" என்கிறாள். "காப்பித் தண்ணிக்கே தெரியும். சாமி துண்ணூறுக்குமா?" அண்ணாச்சி, "என்ன டீச்சர் இது, இந்தக் காலத்துல..." என்று தொடங்குகிறார். ஓடாதே, நெஞ்சே, இப்போது ஓடாதே, நில். "பேச்சித்தாய், நான் சொல்றதை முழுசாக் கேளு" என்கிறேன். "எங்க வீட்டுக்காரர் நெஞ்சுல ஒரு கிருமி இருக்கு. மருந்துக்கு அடங்காத கிருமி. காலைலதான் டாக்டர் சொன்னாங்க. என் கையில இருக்கும். என் சேலையில இருக்கும். அந்தப் பொட்டலம் என் மடியில கிடந்தது. நான் உன் மகளைத் தொட்டா அது அவளுக்குப் போயிரும். தேறி வர்ற பிள்ளை தேறாது. தீட்டு உன்கிட்ட இல்லை. என்கிட்ட இருக்கு. அதனாலதான் தொடாதேன்னு சொன்னேன். அவரைத் தொட்ட யாருமே வேற யாரையும் தொடக் கூடாது."

எல்லார் கண்களும் என் கைகளில் இருக்கின்றன. பக்கத்து நாற்காலிக்காரி தன் பையை மட்டும் மெல்ல நகர்த்துகிறாள், பிறகு தன்னையும். அண்ணாச்சி தன் வலது கையை முகத்துக்கு நேரே உயர்த்தி, திருநீறு ஏறி வெளுத்த மூன்று விரல்களையும் வேறு யாருடைய விரல்களையோ பார்ப்பதுபோல் பார்க்கிறார். "டீச்சர், காலைல நான் சாருக்கு இட்டேனே." "ஆமா அண்ணாச்சி." "அதுக்கு அடுத்தாப்புல இந்தப் பிள்ளைக்கு... இல்ல, இடல, பிள்ளைக்கு உடம்பு துடைக்கத் திரை போட்டிருந்தாவ. இல்ல, அது நேத்தா?" பேச்சித்தாய் அவர் எதிரில் போய் நிற்கிறாள். "அண்ணாச்சி, நல்லா ஓசிச்சுச் சொல்லுங்க. இட்டீயளா, இடலியா?" "இரும்மா, இரு." அவர் கண்களை மூடுகிறார். கட்டில் கட்டிலாக மனத்துக்குள் நடக்கிறார் என்று தெரிகிறது. உதடுகள் அசைகின்றன. "ஞாவகம் இல்லையே தாயி. எனக்கு ஞாவகம் இல்லையே" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். மைதீன் பாய் கதவைத் தன் அளவுக்குத் திறந்து உள்ளே போகிறார். நர்ஸ் வருகிறாள். "டாக்டரைக் கூப்பிடச் சொல்லியிருக்கேன், அந்தப் பொண்ணுக்கு இப்பவே டெஸ்ட்டுக்கு எடுக்கிறோம், முன்னாடியே தெரிஞ்சது நல்லது" என்கிறாள். எல்லாரும் கையை நீட்டுங்க என்கிறாள். மைதீன் பாய் புட்டியோடு வரிசையில் ஒவ்வொருவராக வருகிறார். அண்ணாச்சி இரண்டு முறை நீட்டுகிறார். சம்புடத்தை மூடித் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, "தம்பியப் பாக்க அவன் பொண்டாட்டி வரட்டும். நான் போவல" என்கிறார். யாரும் அவரைத் தேற்றவில்லை.

பேச்சித்தாய் என் பக்கம் திரும்புகிறாள். "நீங்க கடைசியாப் போங்க டீச்சரம்மா." அது கெஞ்சல் இல்லை. "அங்கன, அந்தச் செவரு ஓரமாத் தள்ளி நில்லுங்க. யார் மேலயும் படாம." போய் நிற்கிறேன். எங்கே நிற்க வேண்டும் என்று இந்த வயதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. வரிசைகளை நிறுத்தியவள் நான். அவள் சொன்ன தூரம் சரியான தூரம். சொன்ன முறையும் சரிதான். இருந்தும் காது மடல் எரிகிறது. என் தூரத்துக்குக் காரணம் இருக்கிறது, கழுவினால் குறையும், ஒரு நாள் டாக்டர் ஹெலன் வந்து, போதும், இனி பக்கத்தில் போகலாம் என்று சொல்லக்கூடும். அவளை நிறுத்திய தூரத்துக்கு என்ன காரணம் இருந்தது? எந்தச் சோதனையில் எது வளர்ந்தது? இதைக் கதையாக்காதே, நெஞ்சே. சுவரில் முதுகு படாமல் நில். அவ்வளவுதான் இப்போது உன் வேலை. ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள், கைகளை வயிற்றோடு கட்டிக்கொண்டு. நாற்காலிகள் காலியாகின்றன. கதவருகே மைதீன் பாய். தலை கவிழ்ந்த அண்ணாச்சி. இருமலுக்காக நிறுத்தப்பட்ட அவள் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். தரையில் சிதறியதை யாரும் எடுக்கவில்லை. நர்ஸ் அதன் மேல் ஒரு துணியைப் போட்டிருக்கிறாள். "எம் மவளுக்கு மட்டும் ஏதாவது ஒண்ணு ஆச்சு..." என்று அவள் தொடங்குகிறாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறாள். நீண்ட நேரம். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். தண்ணீர் எடுத்துக்கொடுக்கவும் எனக்குக் கை இல்லை. இருமல் அடங்கியதும் நிமிர்ந்து, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கேட்கிறாள்: "சார் பேரு என்ன டீச்சரம்மா?" எனக்கு விளங்கவில்லை. "பேரு தெரிஞ்சாத்தான சாமிகிட்டச் சொல்ல முடியும்? டீச்சர் வீட்டுக்காரருன்னா சாமிக்கு எந்த டீச்சருன்னு தெரியும்?" அவர் பெயரை நான் எத்தனையோ இடங்களில் எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் மனைவி கணவன் பெயரைச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதுகூட, கேட்டவரிடம் எழுதித்தான் காட்டினேன். இந்தத் தூரத்துக்கு எழுதிக் காட்ட முடியாது. தாழ்ந்த குரலில் சொன்னாலும் கேட்காது.

"குற்றாலிங்கம்" என்கிறேன், உரக்க.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, கைகளைக் கூப்பி, அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்குகிறாள். பாதியில் இருமல் மறிக்கிறது. அடங்கும்வரை பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடராமல், முதலெழுத்திலிருந்து மறுபடியும் சொல்கிறாள்.